மூச்சு வாங்குகிறவர்களின் பாட்டு

ஞாயிறு, சாயங்காலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே யாவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் யாவரும் என்று சொல்ல வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். உன் அம்மாவை இன்று காலை விமானத்துக்கு அனுப்பிவிட்டு வந்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் உன் சமையலறையில் இருக்கிற டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்து முடித்திருப்பாள். ஒன்றும் சொல்லாதே. எது எங்கே இருக்கிறது என்று அவளையே கேட்டு வாங்கிக்கொள்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நடுவில் எனக்கு மூச்சு வாங்கும். நீ "அப்பா, அப்பா" என்று பதறுவாய். நான் ஒன்றுமில்லை என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். எழுதுவதில் ஒரு வசதி, நின்று நின்று எழுதலாம். எங்கெங்கே நின்றேன் என்று உனக்குத் தெரியாது.

முதலில் உன் கோபம். தலைப்பிரசவத்துக்குக்கூட வராத அம்மா உலகத்தில் உண்டா என்று கேட்டு நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகும் அவள் வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நீ கேட்டது நியாயம்தான். அவள் மூட்டு வலி என்றாள், விசா இழுக்கிறது என்றாள். அவளுக்கு மூட்டும் வலிக்கவில்லை, விசாவும் இழுக்கவில்லை. என் மூச்சுதான் இழுத்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளைக் கட்டுப்படுத்தி வைத்தவன் நான். வயிற்றுப் பிள்ளைக்காரி தூரத்தில் கிடந்து கவலைப்பட வேண்டாமே என்று பார்த்தேன். ஆகவே கோபத்தை என் பக்கம் திருப்பிக்கொள்.

பட்டறை வேலையை விட்டது வயதாகிவிட்டதால் என்றுதானே உனக்குச் சொன்னோம்? உப்புத்தாளில் மரத்தைத் தேய்த்த தூளும், வார்னிஷ் நெடியும், நடு நடுவே பிடித்த சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைப் பழுதாக்கிவிட்டன. நான் பாலிஷ் போட்ட மேசை நாற்காலியெல்லாம் யார் யார் வீட்டிலோ பளபளவென்று இருக்கின்றன. தூள் மட்டும் என்னோடு வந்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். திரும்பி வந்து குளியலறையில் முகம் கழுவப் போனபோது உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. அவள் வந்து பார்த்தபோது நான் குளியலறைத் தரையில் கிடந்தேன். ஆஸ்பத்திரி, ஊசி, வீட்டுக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின் என்று ஆனது அப்போதுதான்.

அதற்குப் பிறகு உன் அம்மா வெளியே போகவில்லை. ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய் வாங்கினாள். கதவைச் சாத்தாமல் குளித்தாள். ரேடியோவை நிறுத்தி அலமாரியில் வைத்துவிட்டாள். அது பாடினால் என் மூச்சு அவளுக்குக் கேட்காதாம். நான் இருமினால் எழுந்து வருவாள். இருமாவிட்டாலும் எழுந்து வருவாள். உடம்பு எனக்குத்தான் சரியில்லை என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. இளைத்துப் போனவள் அவள்.

அப்போதுதான் நெஞ்சு டாக்டர், நல்ல பொறுமைசாலி அந்தப் பெண், ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் பாட்டு வகுப்பு நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு வரவில்லை. பேசவே முடியாதவனைப் பாடச் சொல்கிறாரே, இவர் படித்துத்தான் டாக்டர் ஆனாரா என்று வீட்டுக்கு வந்து திட்டினேன். அடுத்த புதன்கிழமை அம்மா ரத்தப் பரிசோதனை என்று சொல்லி என்னைக் கூட்டிப்போய் அந்த அறையில் உட்கார வைத்துவிட்டாள்.

உடற்பயிற்சி செய்ய வைக்கும் அறை அது. சுவரோரம் ஓடாத சைக்கிள்கள். நடுவில் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே மூக்கில் குழாயும் காலடியில் சிலிண்டருமாக இருந்தார்கள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் சின்னக் கீபோர்டோடு வந்தார். முதல் நாள் பாட்டே இல்லை. பாம்பு மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று மூச்சு தீரும்வரை விடச் சொன்னார். பஞ்சர் ஆன டயர்கள் எல்லாம் ஒரே அறையில் கூடிய மாதிரி இருந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலி கண்டக்டர். டவுன் பஸ்ஸில் காலமெல்லாம் விசில் ஊதியவர். என்னைப் பார்த்த அன்றே "பாலிஷு" என்று பெயர் வைத்துவிட்டார். அவர் தனக்கென்று ஒரு பயிற்சி வைத்திருந்தார். தன் பழைய ரூட்டில் இருக்கும் நிறுத்தங்களை ஒரே மூச்சில் ராகம் போட்டுச் சொல்வார். நான் சேர்ந்தபோது பஸ் ஸ்டாண்டு, கோர்ட்டு என்று இரண்டோடு வண்டி நின்றுவிடும். போகப் போக மார்க்கெட் வரை வந்தது. தண்ணீர்த் தொட்டிதான் கடைசி நிறுத்தம். அதுவரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்பார். எதிரே உட்காரும் தையல்கார அம்மா, டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாம் எப்போதோ இறங்கிப் போய்விட்டார்கள், நீங்கள் மெதுவாகவே வாருங்கள் என்று கிண்டல் பண்ணும்.

நான் மூச்சை இழுப்பதிலேயே குறியாக இருந்தவன். டீச்சர் சொன்னது வேறு. உள்ளே பழைய காற்று அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அதை முழுக்க விட்டால் புதுசு தானே வரும், பாட்டின் ஒரு வரி என்பது நீளமாக மூச்சு விடுவதுதான் என்றார். ஆற்றில் படகு போவதைப் பற்றி அவரே நாலு வரி எழுதி, நீட்டி நீட்டிப் பாடுகிற மாதிரி மெட்டுப் போட்டிருந்தார். ஒரு வரியைக்கூட எங்களில் யாராலும் முழுதாகப் பாட முடியாது. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார்.

"முட்டுச்சுன்னா நிறுத்திக்குங்க. பக்கத்துல இருக்கறவங்க பாடிக்கிட்டிருப்பாங்க. உங்களுக்கு மூச்சு வந்ததும் சத்தமில்லாம உள்ள வந்து சேர்ந்துக்குங்க. பாட்டு நிக்காது."

அப்படித்தான் பாடினோம். நான் விட்ட இடத்தில் கண்டக்டர் இருந்தார். அவர் இருமத் தொடங்கினால் தையல்கார அம்மா. வரி மட்டும் அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. தேவகானம் என்று நினைத்துவிடாதே. கதவோரம் காத்திருந்த உன் அம்மா முதல் மாதம் முழுக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பை அடக்க. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது, அதனால் நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

டாக்டரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன், பாடினால் நுரையீரல் சரியாகிவிடுமா என்று. ஆகாது என்றார். பழுதானது பழுதானதுதான், ஆனால் இருக்கிற மூச்சை வைத்துக்கொண்டு பயப்படாமல் இருக்கலாம் என்றார். உண்மையைச் சொன்னாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது கரண்ட் போன அன்று. அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அவ்வளவு தூரம் போகிற தைரியம் அப்போதுதான் வந்திருந்தது. மெஷின் ஒரு முனகலோடு நின்றது. சிலிண்டர் பக்கத்து அறையில். உடனே நெஞ்சு பிடித்துக்கொண்டது. முதலில் வந்தது பயம். மூச்சு முட்டியது அதற்குப் பின்னால் வந்தது. இத்தனை நாள் நான் இதைத் தலைகீழாக நினைத்திருந்தேன். மேசையில் முழங்கையை ஊன்றிக் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினேன். ஊதியது மெல்ல மெல்லப் படகுப் பாட்டாகிவிட்டது. வார்த்தை கிடையாது, வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலாவது வரிக்கு வந்தபோது எழுந்து நடக்கிற அளவுக்கு நெஞ்சு விட்டுக்கொடுத்தது. சிலிண்டரை நானே போய்த் திறந்து குழாயை மாட்டிக்கொண்டேன். மறுபடி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

படியில் அவள் செருப்புச் சத்தம் ஓடி வந்தது கேட்டது. வாசலில் நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. பாட்டு முடிகிறவரை வெளியிலேயே நின்றிருக்கிறாள். பிறகு உள்ளே வந்து, மருந்துப் பையை வைத்துவிட்டு, ரெண்டாவது வரியில் சுருதி சேரவில்லை என்றாள். அன்று மத்தியானம் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரம்வரை தூங்கினாள். லேசாகக் குறட்டைகூட விட்டாள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே உனக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட்டும் போட்டாயிற்று. அதற்கப்புறம்தான் கண்டக்டர் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

புதன்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. டீச்சர் நர்ஸிடம் கேட்டு எங்களை வார்டுக்கே கூட்டிப்போனார். சிலிண்டரை உருட்டிக்கொண்டு, லிப்டில் இரண்டு தடவையாகப் போய்ச் சேர்ந்தோம். கண்டக்டருக்கு முகத்தை மூடி மாஸ்க் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார், வண்டியை நிறுத்துகிற மாதிரி. கட்டிலைச் சுற்றி நின்று சன்னமாகப் பாடினோம். அவரால் பாட முடியாது. தான் வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்ததும் விரலை மட்டும் தூக்கினார். நான் அந்த இடத்தில் நிறுத்தாமல் பாடினேன். எங்கிருந்து வந்தது அவ்வளவு மூச்சு என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த புதன்கிழமைக்குள் அவர் போய்விட்டார்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் பெட்டியைப் பிரித்துவிடுவாள். அதனால் கண்டக்டர் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே காற்று நன்றாக இருக்கிறதாம் என்று ஒரு கதை விட்டேன். அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் குழந்தைக்குத் தைத்த சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கண்டக்டர் அண்ணன் சம்சாரத்தைப் போய்ப் பார்த்துட்டு வந்தேங்க. போன வாரமே."

நான் மூக்குக் குழாயைச் சரிப்படுத்துகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அந்த அக்கா சொன்னாங்க. முன்னெல்லாம் மூச்சு முட்டினா கட்டிலைப் போட்டு உலுக்குவாராம், பார்க்கவே முடியாதாம். இந்தத் தடவை அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா விட்டுக்கிட்டே இருந்தாராம். கடைசி வரைக்கும் பயப்படலையாம்." ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அதைக் கேட்டப்புறம்தான், நான் தைரியமா போய்ட்டு வரலாம்னு தோணுச்சு."

அவ்வளவுதான் பேசினோம். பெட்டி மூடவில்லை. அவள் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு ஜிப்பை இழுக்கச் சொன்னாள். பாதி இழுத்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை, இறங்கவும் இல்லை. நான் ஊதி முடித்து மீதியை இழுக்கிறவரை பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மேல் வீட்டு டிரைவர்தான் இன்று வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வரும், அவர் மனைவிக்கு உப்புப் போடத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. தையல்கார அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்து என்னை "ஆ" சொல்ல வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வைக்கும். இப்போதுகூட எழுதுவதை நிறுத்திவிட்டு "ஆ" சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் கேட்க எனக்கு இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது. ஒரு மாதம் ஆனதும் அம்மா, அங்கே அவர் தனியாக இருக்கிறார், நான் கிளம்புகிறேன் என்பாள். விடாதே. குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும், குப்புற விழட்டும், தவழட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்திவை. எனக்கு அவள் வேண்டுமென்றால் நானே கேட்பேன் என்று சொல். நான் கேட்க மாட்டேன். இங்கிருந்து தெரியாத நம்பரில் போன் வந்தால் அவளை எடுக்க விடாதே. நீ எடு. மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவளிடம் சொல்லுங்கள். ரேடியோ ஒன்று வாங்கிக் கொடு, சத்தமாக வைத்துக் கேட்கட்டும்.

குழந்தை பிறந்ததும் போனை அதன் பக்கத்தில் வைக்கச் சொல். ஆணா பெண்ணா, யார் ஜாடை என்பதையெல்லாம் பிறகு சொல்லலாம். அழுகிறதே என்று உடனே தூக்கித் தட்டிச் சமாதானப்படுத்தி விடாதீர்கள். கொஞ்சம் அழ விடுங்கள், மகளே. ஒரே மூச்சில் எவ்வளவு நீளம் அழுகிறது என்று நான் கேட்க வேண்டும். நீயும் குழந்தையும் நெஞ்சு நிறைய மூச்சோடு, நீண்ட காலம் இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா