எண்ணெய் வைக்காத தலை

புக்கிட் ரம்பாய்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு, அகல்யாவின் வணக்கம். லூனாசில் மழை விட்டதா? முழங்கால் வலி எப்படி? போனில் கத்தினாலும் உங்களுக்குக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பேக்டரியில் ஒருவகைக் கல்லை மருந்துத் தண்ணீரில் ஊறவைப்போம். ஊற ஊறக் கல் நார் நாராகப் பிரிந்து, தொட்டிக்குள் வெள்ளை முடி மாதிரி மெல்ல அசையும். பார்த்துக்கொண்டே நின்றால் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். பிறகு அலசிக் காயவைத்து, நாருக்கு பிளாஸ்டிக் பூச்சு கொடுப்போம். அப்போதுதான் கார் பாகங்கள் செய்யும் பிளாஸ்டிக்கோடு அது இறுக்கமாகப் பிடிக்கும்.

போன வாரம் ஏதோ நினைப்பில் கையுறையைக் கழற்றி, முடியைத் தொப்பிக்குள் செருகிவிட்டு, அதே கையால் காய்ந்த நாரை அள்ளிவிட்டேன். அதில் பூச்சே ஒட்டவில்லை. சூப்பர்வைசர் டெஸ்மண்ட் அண்ணன் என் நெற்றியோரம் மின்னியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “தேங்காய் எண்ணெய்லா, தங்கச்சி! இனிமே தலைக்கு வச்சிட்டு வேலைக்கு வராதே.” திட்டவில்லை, பயப்படாதீர்கள்.

இப்போது என் முடியும் அந்த நார் மாதிரிதான் பறக்கிறது.

அம்மா போன பிறகு நீங்களே கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சுவீர்களே, அந்த எண்ணெயில் ஒரு சின்னப் போத்தல் அனுப்புங்கள். தலையில் வைக்க மாட்டேன், சத்தியமாக. ரூமில் திறந்து வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

பேக்டரி வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். போத்தல் மூடியை உங்கள் பலத்துக்கு இறுக்கிவிடாதீர்கள் அப்பா. இங்கே திறந்துகொடுக்க ஆளில்லை.

அகல்யா