நனைத்த கயிறு

புன்னைக்காயல்,
தவக்காலம், மூன்றாம் ஞாயிறு.

அன்பு மகன் அபிலாஷுக்கு,

மாதா காவலில் நானும் அம்மாவும் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாயிருக்க நான் மாதாவை வேண்டுகிறேன், அம்மா தன் பெருமாளையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறாள். போனில் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் புதுத் தொடரைப் பார்த்தோம். மேடையில் இத்தாலிக்காரனாகவும் அரபிக்காரனாகவும் நின்றவனைத் திரையில் மறுபடியும் அடியாளாக்கிச் சாகடித்திருக்கிறார்கள். சட்டையைக் கிழித்து உன்னை உதைக்கிற இடத்தில் அம்மா படத்தை நிறுத்தச் சொல்லி, கிட்டே போய் உன் முதுகில் தழும்பைத் தேடினாள். மேக்கப்பில் மறைத்துவிட்டார்கள்.

பேட்டியையும் படித்தேன். நடிப்பின் முதல் பாடம் இயேசுவின் பாடுகளை நடிக்கிற நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் பெரியப்பாவிடம் படித்ததாம், பெரிய வெள்ளியன்று அதே மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறாயாம். இயேசுவாக நிற்பவனைச் சேவகன் அடிக்கிற கயிறு பஞ்சில் திரித்துச் சிவப்புச் சாயத்தில் தோய்த்தது, பட்டால் சாயம் ஒட்டுமே தவிர வலிக்காது. ஊர் வழக்கம் அதுதான். ஐயங்கார் பெண்ணுக்குப் பிறந்தவன் இயேசு வேஷம் கட்டக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தும் பங்குச் சாமியார் கேட்காததால், சேவகனாக நின்ற உன் பெரியப்பா கிளைட்டன் அந்த வருஷம் வலைக்கயிற்றை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தான். உன் சதை பிய்ந்தது. நடிப்பென்று நினைத்து ஜனம் அழுதது, பிறகு கைதட்டியது. அடி வாங்கியவன் நீ, மன்னிக்க உனக்கு உரிமை உண்டு. முதுகோடு ஒட்டிய அங்கியைப் பிய்த்தெடுத்தவள் உன் அம்மா.

போன ஞாயிறு கோயில் வாசலில் அந்தப் பேட்டியை நாலு பேருக்கு வாசித்துக்கொண்டிருந்த கிளைட்டன் என்னைப் பார்த்ததும், "ஏலே தொம்மை, நான் விளாசின விளாசுலதாம்ல ஒம் மவன் லண்டன்ல போயி விழுந்தான். நீயும் ஒரு மாலை போடுல" என்றான். கையிலிருந்த ஹெல்மெட்டால் அடித்தேன். மூக்கு உடைந்தது. விழுந்தவனைப் பல் தெறிக்கும்வரை மிதித்தேன். அண்ணன் என்ற நினைவு வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். அவன் பெண்டாட்டி அல்போன்சா மதினி குறுக்கே விழுந்து, "கொன்னுறாதிய கொழுந்தனாரே, ஒங்க மவன் போத்துத பொன்னாடைய இவுக உசிரோட வாங்கட்டும்" என்று அழுதாள். அதைக் கேட்டு இன்னொரு உதை விட்டேன்.

அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. நீ வந்து பொன்னாடை போர்த்தினால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார் சாமியார். எனக்கு ஆறாது. ஆனாலும் நீ வா. பொன்னாடையைக் கையில் வாங்கு. முதலில் சட்டையைக் கழற்றி, வசனம் எதுவும் பேசாமல், மேக்கப் இல்லாமல், ஜனத்துக்கு முதுகைக் காட்டி நில். எல்லோரும் பார்த்து முடித்த பிறகும் மனம் வந்தால் அவனுக்குப் போர்த்து.

குளிரில் தழும்பு இழுக்குமாம், தேங்காயெண்ணெய் தடவ மறக்காதே என்கிறாள் அம்மா. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
தொம்மை மச்சாது