எட்டாம் எண் வீட்டில் ஒரு கை

லண்டன், கேம்பர்வெல், 1884

ஆகஸ்ட் 4
எதிர்வீட்டு அடலெய்ட் ராம்ஸ்கேட் கடற்கரைக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவர்களுடைய எட்டாம் எண் வீட்டின் முன்பக்கத் திரைகளெல்லாம் இறக்கிக் கிடக்கின்றன. நாங்கள் ஜூலையிலேயே போய் வந்தாயிற்று. அம்மா மூன்றாம் எண் வீட்டைக் காட்டி, "ஆகஸ்ட்லயும் ஊரை விட்டு நகராம உக்காந்திருக்குதுங்க பாரு. இதுங்களை எல்லாம் எப்படி டீக்குக் கூப்பிடறது?" என்கிறாள்.

பதின்மூன்று வயதுத் துப்பறிவாளர் ஒரு மாதம் முழுக்கச் சும்மா இருப்பதா? ஒரு கொலையாவது நடக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 6
எட்டாம் எண் புகைபோக்கியில் புகை. பூட்டிய வீட்டில் யார் அடுப்பு மூட்டுவது?

ஆகஸ்ட் 7
மாடித் திரையை ஒரு கை விலக்கியது. சத்தியமாகப் பார்த்தேன். அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "ராத்திரி சீஸ் தின்னுட்டுப் படுத்தியா, லெட்டி? கண்டதெல்லாம் தோணும்" என்றார்.

ஆகஸ்ட் 9
அடலெய்டிடமிருந்து கடிதம்! கடல் நீலமாக இருக்கிறதாம், கழுதைச் சவாரி போனாளாம். எழுத்து அவளுடையதுதான். ஆனால் தபால் முத்திரை — கேம்பர்வெல். மூன்று முறை பார்த்துவிட்டேன். ராம்ஸ்கேட்டில் இருப்பவள் எங்கள் தெருமுனைப் பெட்டியில் எப்படிக் கடிதம் போட்டாள்?

யாராவது அடைத்து வைத்து, மிரட்டி எழுத வைக்கிறார்களா? அப்படியானால் அவள் அப்பா அம்மா எங்கே? ஐயோ, ஒண்ணுமே புரியலையே. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11
காலையில் கான்ஸ்டபிள் டாப்செலிடம் புகையையும் கையையும் பற்றிச் சொன்னேன். "மத்தியானம் ஆளோட வந்து கதவை உடைச்சிடறேன், மிஸ்" என்றார்.

மதியம்வரை பொறுக்க முடியவில்லை. பின்சந்தில் போய்ச் சுவரேறிக் குதித்தேன்.

சமையலறை ஜன்னலுக்குள் அடலெய்ட்! யாரும் கட்டிப்போடவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையுறை இல்லாமல் நான் பார்த்தேயிராத அவள் அம்மா திருமதி பர்கிஸ் துணி துவைக்கிறார். அலுவலகத்தில் இருக்க வேண்டிய அவள் அப்பா மண்டி போட்டுத் தரை தேய்க்கிறார். வேலைக்காரியைக் காணோம்.

"லெட்டி எப்பவும் ஜன்னல்லயே நிக்கறாம்மா. ஒரே ஒரு தடவை கையாட்டட்டுமா?"

"வாயை மூடுடி. அப்பாவுக்கு வேலை போனது தெரிஞ்சா இந்தத் தெருவுல ஒருத்தராவது நம்ம படியேறுவாங்களா? மாசம் முடியற வரைக்கும் நாம ராம்ஸ்கேட்லதான் இருக்கோம்."

முதலில் முகம் திருப்புவது என் அம்மாவாகத்தான் இருக்கும்.

முன்வாசலுக்கு ஓடினேன். அதற்குள் கடப்பாரையோடு டாப்செல் வந்துவிட்டிருந்தார், சுற்றிலும் பாதித் தெரு. என் அம்மாவும் நின்றிருந்தாள்.

"பொய்! எல்லாம் நான் கட்டிவிட்ட கதை!" என்று கத்தினேன்.

"போலீஸ்காரன்னா உனக்கு விளையாட்டுப் பொம்மையா?" என்று அவர் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அம்மா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 12
துப்புகளை எழுதி வைத்த என் தனிக் குறிப்பேட்டை அப்பா அடுப்பில் போட்டுவிட்டார். அழுதேன். உண்மையைக் கண்டுபிடித்துவிட்டுப் பொய் சொன்னேனே, நான் எந்த ஊர்த் துப்பறிவாளர்? செய்தது சரியா? தெரியலையே.

ஆகஸ்ட் 20
தெருவில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

செப்டம்பர் 1
பர்கிஸ் குடும்பம் வாடகை வண்டியில், பெட்டிகளோடு, தெருவே பார்க்க வந்து இறங்கியது. சாயங்காலம் அடலெய்ட் வந்து என் கையில் ஒரு சின்னச் சங்கை வைத்தாள்.

"உனக்குன்னே கரையில பொறுக்கினேன்டி. காதுல வச்சுப் பாரு."

வைத்தேன். குப்பென்று வினிகர் வாசனை. கடைத்தெருவில் வேகவைத்து, வினிகர் ஊற்றி விற்கிற சங்குநத்தையின் ஓடு.

"கடல் கேக்குதா?" அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"கேக்குதுடி" என்றேன். "அலை பலமாத்தான் இருக்கு."