நிறுத்துவதற்கு முன் ஒரு மூடி பெற்றோல்

மச்சாள்,

இன்று காலை கூரையில் சோலார் தகடு பூட்ட வந்த தம்பி, பற்றரியும் வைக்கவா வேண்டாமா என்று கேட்டான். பற்றரி இல்லையென்றால் செலவு நன்றாகக் குறையுமாம். ஆனால் தெருக்கம்பியில் கரண்ட் நின்றுபோனால், வெயில் எவ்வளவு எரித்தாலும் தகடும் சேர்ந்து நின்றுவிடுமாம். இப்போதெல்லாம் முன்னைப்போல கரண்ட் போவதில்லைதானே, அநேகமான வீட்டுக்காரர் பற்றரி கேட்பதில்லை என்றான். சொல்லிக்கொண்டே கையில் ஒட்டியிருந்த தாரைத் துடைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டான். போத்தலைத் திறந்தேன். அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய்.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கள் களுதாவளையில் மின்கம்பங்கள் காகங்களுக்கு மட்டும்தான் பயன்பட்டன. வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் ஊற்றிய ஜாம் போத்தல் விளக்கு. அந்தப் புகையில் என் சின்னவனுக்கு முட்டு வரும், மூச்சு இழுக்கும். மத்திய கிழக்கில் இருந்த அவனுடைய தகப்பன் ஆவிமருந்து பிடிக்கிற மிசின் ஒன்றை அனுப்பியிருந்தார். கரண்ட் இல்லாத ஊருக்குக் கரண்டில் ஓடும் மிசின். அவரை நான் எவ்வளவு திட்டினேன் என்று உனக்குத் தெரியும்.

பிறகு நீதான் உன் வீட்டு மூலையில் கிடந்த சின்ன ஜெனரேட்டரைத் துடைத்தெடுத்தாய். உன் வீட்டுக்காரரை ஆமி சுற்றிவளைப்பில் கொண்டுபோய், அவர் திரும்பி வராமலே போன பிறகு நீ தொட்ட முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். வேலிக்கு மேலால் வயர் இழுத்து, பக்கத்து வீடுகளுக்கும் ஆளுக்கொரு பல்ப் கொடுத்தாய். எல்லோரும் மண்ணெண்ணெய் பங்கு போட்டோம். பெற்றோல்தான் பெரிய பாடு. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு போத்தலைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவருவதற்குள் உயிர் போய் வரும். அதை நீ அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாய்.

உன் ஜெனரேட்டர் பெற்றோலில்தான் ஸ்டார்ட் ஆகும், பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாய். அதில் யாருக்கும் மறுப்பில்லை. நிறுத்தும்போது நீ செய்ததுதான் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெயை அடைத்துவிட்டு, இன்னொரு மூடி பெற்றோலை ஊற்றி, உள்ளே கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓடவிட்டுத்தான் நிறுத்துவாய். நிறுத்தப் போகிற இஞ்சினுக்கு எதற்குப் பெற்றோல், அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கினால் பிள்ளைகள் கூடப் படிக்கலாமே என்று முன்வீட்டு அக்கா வேலியில் நின்று சண்டை பிடித்தா. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இது நிப்பாட்டுறதுக்கு இல்லகா, நாளைக்கு ஸ்டார்ட் எடுக்கிறதுக்கு” என்றாய்.

நீ புளியந்தீவுக்குப் போயிருந்த ஒருநாள் அந்த அக்காவே பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டா. மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்து உன் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிளக்கைக் கழற்றி அடுப்பில் காயவைத்து, ஒருவழியாக ஓடச் செய்தாய். அதற்குப் பிறகும் முணுமுணுப்பு ஓயவில்லை. உன்னுடைய முகமும் மாறவில்லை, அது வேறு கதை.

இருட்டுப்படுகிற அந்த மைம்மல் பொழுதை மட்டும் என்னால் இன்னும் நிதானமாக நினைக்க முடிவதில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரதான வீதிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆமியின் வாகனங்கள் வரும் இரைச்சல். எல்லா வீட்டு வாசலிலிருந்தும் “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றார்கள். சத்தத்தை வைத்துத்தான் வீட்டைத் தேடி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரையும்விட உனக்குத் தெரியும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்துக்கு ஓடி வந்தேன். நீ மண்ணெண்ணெயை அடைத்துவிட்டு, மூடியில் பெற்றோலை அளந்துகொண்டிருந்தாய். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. பெற்றோல் பட்டதும் இஞ்சின் இன்னும் உரத்துக் கத்தியது. உனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்வீட்டு அக்கா சொன்ன வார்த்தைகளை எழுத மாட்டேன். நீ என் பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாய். இஞ்சின் தானாக இருமி நின்றது. வாகனங்கள் எங்கள் சின்னத்தெரு ஒழுங்கையின் முகப்பில் வேகம் குறைந்து, பிறகு தெற்கே போய்விட்டன.

விடிகிற நேரம் சின்னவனுக்கு முட்டு இறுக்கிவிட்டது. விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது, உதடு கறுத்தது. வீதி அடைப்பு. ஆஸ்பத்திரிக்கு அசைய முடியாது. நீ கயிற்றை ஒருதரம் இழுத்தாய். ஒரேதரம். இஞ்சின் பிடித்துக்கொண்டது. காலை அமைதியில் அந்தச் சத்தம் வாவிவரைக்கும் கேட்டிருக்கும். ஆமி இன்னும் வீதியில்தான் நின்றது. ஆனாலும் ஒரு வீட்டிலிருந்தும் நிறுத்து என்று குரல் வரவில்லை. முன்வீட்டு அக்கா தன் பங்கு மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து உன் காலடியில் வைத்துவிட்டுப் போனா. ஆவிமருந்து மிசின் ஓட, என் பிள்ளை மூச்சு விட்டான். நான் உன் காலைப் பிடித்து அழுதேன். நீ என்னை எழும்பச் சொல்லிவிட்டு, மூடியைத் தேடினாய்.

அடுத்த மாரிகாலத்தில் தோட்டத்தில் விழுந்த ஷெல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. சில கிழமைகள் நாங்கள் மாறி மாறி ஜெனரேட்டரை ஓட்டினோம். பெற்றோல் கிடைப்பது இன்னும் கஷ்டமானது. நிறுத்தும்போது யாரும் அதை ஊற்றவில்லை. பிறகு அது கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டது.

சோலார் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு இன்னும் காத்து நின்றான். சின்னதாக ஒரு பற்றரி வை, ஒரு பிளக் பொயின்ருக்குப் போதும் என்றேன். அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

“ஆரும் வருத்தக்காரர் இரிக்காங்களா அம்மா?”

என் சின்னவனுக்கு இப்போது முட்டும் இல்லை, வேறு ஒரு வருத்தமும் இல்லை. ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, தகட்டை மேலே ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவனே அவன்தான்.

“இல்ல தம்பி,” என்றேன். “இது நாளைக்கு.”