கீழ் ரோட்டை வரைந்தவன்

தேர் நஹ்லா,
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து.

அன்பு மகள் தஹானிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கார்க் ஊர் மழையில் சளி பிடிக்காமல், ஆண்டவன் காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சோடும் அடுப்பில் பானையோடும் இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நாளை நம் மருந்துக்கடைக்காரர் அம்மான் பட்டணத்துக்குப் போகிறார், இதை அங்கே தபாலில் சேர்ப்பார். அவர் கையில் கொடுத்துவிட்டால் பிறகு நான் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் இந்தக் காகிதம்.

முதலில் வீட்டு விஷயம். கூரையில் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, நானே ஏறி அடைத்தேன், உன் அம்மா கீழே நின்று, விழுந்து தொலைந்தால் தூக்க ஆள் கிடையாது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டினாள். வாதுமைக் காய் இந்த வருடம் நிறையக் காய்த்தது, உனக்குப் பிடித்த பச்சைக் காயை உப்பு தொட்டுச் சாப்பிடும்போது அவள் உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறாள். அவளுக்குக் கண் ஊசி இன்னும் இரண்டு பாக்கி. ஜெருசலேம் ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கும், துணைக்கு எனக்கும் ராணுவத்தின் அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கிறது. அந்தச் சீட்டைப் பற்றிப் பின்னால் எழுத வேண்டியிருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏப்ரலில் அனுப்பிய அந்தப் பதினாறு பேரை எடுத்துக்கொள். குழந்தைகளுக்கு நடைபழக்கும் ஆஸ்பத்திரிக்காக ஊர் ஊராகக் கை நீட்டிப் பணம் சேர்த்து, ஆக்கிரமிப்புக்குள் கிடக்கிறவர்களோடு நாங்களும் இருக்கிறோம் என்று காட்ட ஜெனினிலிருந்து ஹெப்ரோன் வரை சைக்கிள் மிதிக்க வந்த நல்ல ஜனங்கள். வேன் ஓட்டின காலத்தில் சைக்கிள்காரனைக் கண்டால் ஹாரன் அடித்தே பள்ளத்தில் தள்ளப் பார்த்தவன் நான், என் வாசலிலேயே பதினாறு சைக்கிள் சாய்ந்து நின்றபோது ஆண்டவன் கணக்குத் தீர்க்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். உன் அம்மா அவர்களுடைய அரைக்கால்சட்டையைப் பார்த்து, ‘பாவம், அந்த ஊருல துணி அவ்வளவு விலையா’ என்றாள். பிறகு காலை எட்டு மணிக்கே ஒரு பெரிய பானை மக்லூபாவைத் தட்டில் கவிழ்த்து, சோறும் கத்தரிக்காயும் கோழியுமாக, ஒருவரையும் எழ விடவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அந்த நோரீன் அம்மாள் மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவளும் டிரைவர், நானும் டிரைவர், ஒரு வார்த்தைகூடப் பொது இல்லாமல் கிளச்சைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம்.

அவர்களுக்கு வழி வரைந்து தரச் சொல்லி நீதான் கேட்டாய். ‘போன் மேப் அங்க ஒதவாதுப்பா, எந்த ரோட்டுல யாரு போலாம்னு அதுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாத ரோடா’ என்றாய். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்குத் தெரியாது தஹானி. நான் மஞ்சள் வேனை விட்டு இறங்கி நாலு வருடமாகிறது. டிரைவர்கள் போனில் வைத்திருக்கிற ரோடு குழுவிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, ஓட்டாதவனுக்கு எதற்குக் குழு. எங்கள் தொழிலில் சலாமுக்குப் பிறகு முதல் கேள்வி ரோடு எப்படி என்பதுதான் என்று உனக்குத் தெரியும். எதிரே வருகிற வண்டிக்காரன் கையை வெளியே நீட்டி விரலைச் சுழற்றினால் வண்டியைத் திருப்பு, உள்ளங்கையைத் தாழ்த்தி ஆட்டினால் போகலாம். காலையில் போன ரோட்டில் மாலையில் கேட்காமல் திரும்பமாட்டோம். முப்பத்தொரு வருடம் அப்படிக் கேட்டுக் கேட்டு ஓட்டியவன் அன்றைக்கு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அம்மா, ‘ஸ்டாண்டுல யாரையாவது கேளுங்களேன்’ என்றாள். ‘எனக்கே நீ வழி சொல்றியா’ என்று எரிந்து விழுந்தேன். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும், அதுதான் காரணம், வேறு காரணம் ஒன்றும் இல்லை. மேட்டு ரோட்டைப் போட்டிருக்கலாம். லாரிப் புகை, ஆறு கிலோமீட்டர் சுற்று, ஆனால் திறந்த ரோடு. நான் ஊற்றையும் வாதுமைத் தோப்பையும் ஒட்டிப் போகிற கீழ் ரோட்டைப் பெரிதாக வரைந்து, வளைவுகளைக்கூட ஒன்று விடாமல் போட்டேன்.

அந்தக் காகிதத்தை முற்றத்தில் பதினாறு பேர் முன்னால் பாஸிமிடம் நீட்டினேன். நம் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற, நீ வழிகாட்டியாகப் போட்ட அதே பாஸிம். அவன் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான், ‘நல்ல ரோடு மாமா’ என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என் ஞாபக சக்தியை மெச்சுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஊற்றைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே இரும்புக் கேட், நான் ஓட்டின காலத்தில் அது கிடையாது. அவர்களை நிறுத்திவிட்டு பாஸிம் முன்னால் போன நேரத்தில் பின்னாலிருந்து ராணுவ ஜீப் வந்தது, விலகப் போய் நோரீன் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். ஐந்து மணி நேரம் வெயிலில் உட்கார வைத்து, பதினாறு பேருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாஸிம் கையில் நம் ஊர் அடையாள அட்டைதானே, அவனைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். தடை செய்த இடத்துக்கு வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப் போனான் என்று வழக்கு. இன்றைக்கு நாற்பத்தொரு நாள். மூன்று தடவை வாய்தா.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். போன வாரம் நீ போனில், ‘பாஸிம் வழி தப்பிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க, அடுத்த வருஷத்துக்கு அவன் பேரை எடுத்தாச்சு, வழி தெரியாதவனை நம்பி விட்டதுக்கு நானே எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்’ என்றாய். நான் வரைந்த வழியை விட்டு அவன் விலகிப் போனதாக நீ நினைத்திருந்தாய், நான் ‘ம்’ என்றேன். ஒரே ஒரு ‘ம்’. அந்த ஒரு எழுத்தில் ஒரு மனிதனின் பேரை விற்றுவிட்டேன். பாஸிமும் விசாரித்தவர்களிடம் தான்தான் வழி மாறிவிட்டதாகச் சொல்லியிருக்கிறான், காகிதம் யார் வரைந்தது என்று சொல்லவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது, இதையும் மறைக்கமாட்டேன். அனுமதிச் சீட்டை நினைத்துப் பயந்தேன். நான்தான் வழி சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், சீட்டை ரத்து செய்வார்கள், உன் அம்மா கண் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம், சபையில்கூடச் சொல்லலாம். ஆனால் நெஞ்சறிந்த பொய் நெஞ்சைத்தானே அரிக்கும்.

செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் ஸ்டாண்டுக்குப் போனேன். இப்போது நாப்லஸ் வண்டி ஓட்டுகிற கஸ்ஸானிடம், கீழ் ரோடு எப்படி என்று கேட்டேன். ‘அபூ தஹானி ரோடு கேக்குறாரு, இன்னிக்குக் கல்மழைதான் பெய்யப் போவுது’ என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சிரித்தான். பிறகு, ‘அது மூடி ரெண்டு வருஷமாச்சு மாமா, கோழிக்குக்கூடத் தெரியும். எங்களுக்கே மொதல்ல வந்து சொன்னது பாஸிம்தான், சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்தான்’ என்றான். வேனில் ஏறாமல் நேரே பாஸிம் வீட்டுக்கு நடந்தேன்.

அவன் மனைவி ஹியாம் என்னை உட்கார வைத்து, ஏலக்காய் போட்டுக் காபி வைத்தாள். அவள் கதவைச் சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் வரைந்ததைப் பற்றி ஆரம்பித்தேன், அவள் முடிக்க விடவில்லை. ‘தெரியும் மாமா, அன்னிக்குப் பம்பு எடுத்துட்டுப் போக வீட்டுக்கு வந்தப்பவே சொன்னாரு. மாமா வரைஞ்ச ரோடு இப்போ இல்ல, அத்தனை வெளியாளுங்க முன்னாடி பெரியவருகிட்ட அதை எப்படிச் சொல்றது, அந்த இரும்புக் கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு மேட்டு ரோட்டுல ஏத்திடறேன், அவங்க பாக்க வந்ததும் அந்தக் கேட்டைத்தானேன்னாரு. ஜீப்பு வரும்னு யாருக்குத் தெரியும்’ என்றாள். குரலில் ஒரு கோபம்கூட இல்லை. வழி தெரியாமல் அவன் போகவில்லை தஹானி. என் மூஞ்சி கோணக்கூடாது என்று தெரிந்தே போனான். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு எழுபது வயதும் ஒன்றாக ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டைப் பற்றியும் இழுத்தேன். அவள் அரிசி பொறுக்குவதை நிறுத்தாமல், ‘எங்கண்ணைச் சாக்கு வைக்காதீங்க. அழுதழுது ஹியாம் கண்ணு போவுதே, அது கண்ணில்லையா’ என்றாள். திங்கட்கிழமை நாப்லஸுக்குப் போய் பாஸிமுடைய வழக்கறிஞரிடம், வழி வரைந்தது நான், கேட்காமல் வரைந்ததும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். போனில் கேட்டபோது, அதனால் அவன் வெளியே வந்துவிடுவான் என்று அவர் உறுதி சொல்லவில்லை, அடுத்த வாய்தாவுக்குப் பயன்படலாம் என்றார். சீட்டு போனால் போகட்டும், ஊசிக்கு வேறு வழி தேடுவோம். நீ அங்கிருந்து பதறாதே.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் சைக்கிளோடு கூடுகிற இடத்தில் இந்தக் கடிதத்தை அவர்கள் பாஷையில் சத்தமாகப் படி. அப்பா வயதானவர், மறந்துவிட்டார் என்று மெழுகாதே, நான் மறக்கவில்லை, கேட்கவில்லை. நோரீனிடம் தனியாகச் சொல், அவளும் ரோட்டில் பிழைத்தவள், அவளுக்குப் புரியும், அவள் கை சரியானதா என்று எனக்கு எழுது. பாஸிம் பேரைப் பழைய இடத்திலேயே போடு. அவன் வரும்வரை அடுத்த பயணத்துக்குத் தேதி வைக்காதே.

வேகமாக இறக்கத்தில் இறங்காதே, மழைநாளில் பிரேக்கை நம்பாதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு ஓட்டு. மாப்பிள்ளைக்கு என் சலாம். ஆண்டவன் உங்கள் வீட்டில் வெளிச்சத்தையும் குழந்தைக் குரலையும் தரட்டும், எங்கள் பிழையின் நிழல்கூட உங்கள் மேல் விழாமல் காக்கட்டும். பொட்டலத்தில் உன் அம்மா ஸஅத்தர் பொடி வைத்திருக்கிறாள், ஈரம் படாமல் வை. திங்கட்கிழமை காலைக்கு நாப்லஸ் ரோடு எப்படி என்று கஸ்ஸானிடம் நேற்றே கேட்டேன், அன்றைக்குக் காலையில் வந்து கேட்கச் சொன்னான். கேட்பேன்.

உன் அப்பா,
அபூ தஹானி