கூப்பிடத் தெரியாத அப்பாவுக்கு

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை அம்மா சொன்னாள். நேற்று போனில் நீங்கள் "சாப்டியா" என்றீர்கள், நான் "ம்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அம்மா போனைப் பிடுங்கி, "இதுக்கு ரெண்டு பேரும் காகிதத்துல எழுதித் தொலைக்கலாம்" என்றாள். திட்டினாளா வழி சொன்னாளா தெரியவில்லை. நான் வழி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் நீங்கள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்தில் இப்போது வெயில் மட்டும் இருக்கிறது. அம்மா புதிதாக இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கியிருக்கிறாள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து விரிசல் பார்க்க ஆளில்லை. சீசாத் தொழிற்சாலையில் நீங்கள் விரிசல் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியின் இடத்தில் கேமராவை வைத்த பிறகு, இருபத்து மூன்று வருடப் பழக்கத்தை நீங்கள் எங்கள் டம்ளர்களிடம் அல்லவா காட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது நானே தூக்கிப் பார்க்கிறேன்.

இருபத்தேழு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் நாற்பத்தெட்டு வயது என்ற வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். இருபத்தெட்டாவதில், நீங்கள் போயிருக்கும் ஆஸ்பத்திரியில் யாரோ அடுத்த வரியும் படித்திருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 11

அன்புச் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அறை சிறியது, ஆனால் காற்று வருகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. உன் அம்மாவிடம் இவ்வளவு சொன்னால் போதும். மீதி உனக்கு மட்டும்.

என் வேலை கூப்பிடுவது. ஒரு பெரிய கூடம், முந்நூறு பேர், இருமல், குழந்தை அழுகை. டாக்டர் அறை வாசலில் நின்று அடுத்த டோக்கன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் "பதினேழு" என்றேன். சுவர்க் கடிகாரத்துக்குக் கேட்டிருக்கலாம். இன்னொரு முறை முயன்றேன், தொண்டையில் ஏதோ கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே டாக்டர் மணியடிக்கிறார்.

ஆகவே ஒரு வழி பிடித்தேன். காலையில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் போய் நின்று, யார் கையில் எந்த எண் என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். பிறகு நேரே அவர்களிடம் நடந்து போய்த் தோளைத் தொட்டு, "உங்க முறை" என்கிறேன். ஒரு முகம்கூடத் தப்பவில்லை. ஆனால் நடந்து போய் வர நேரமாகிறது, வரிசை நீளுகிறது.

எங்களுக்கு மேற்பார்வை ஒரு சிஸ்டர். இருபத்தாறு வயது இருக்கும். நேற்று எல்லோர் முன்னாலும் கேட்டார்: "அண்ணே, நீங்க கூப்பிடுறீங்களா, ரகசியம் சொல்றீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு தனியாக அழைத்து, இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், அதற்குள் குரல் வராவிட்டால் வேறு ஆள் போடுவார்கள் என்றார்.

உன் அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி அந்த சிஸ்டரோடு சண்டைக்கு வந்துவிடுவாள். உனக்குத்தான் எழுதத் தோன்றியது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அப்பா


ஜூன் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

தெரியும். தொண்டையில் கதவு சாத்திக்கொள்வது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் தினமும் காலையில் டீச்சர் என் பெயரைப் படிப்பார். "உள்ளேன் அம்மா" என்று இரண்டு வார்த்தை. வராது. இன்னொரு முறை படிப்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் சுத்தமாக வராது. டீச்சர் கெட்டவரில்லை, தலையைக் குனிந்தபடி படித்துக்கொண்டே போகிறவர். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டே, வருகை நோட்டில் நாற்பது நாள் பள்ளிக்கு வராதவள் ஆனேன். அதோடுதான் பள்ளியை விட்டேன்.

தையல் கடையிலும் இதே கதைதான். முன்பக்கத்திலிருந்து கடைக்கார அக்கா கூப்பிட்டால், பின்னறையில் பட்டன் தைக்கிற நான் பதில் சொல்லமாட்டேன். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய் அவர் முன்னால் நிற்பேன். நீங்களும் நடந்துதானே போகிறீர்கள்? நமக்கு ஒரே வியாதி.

ஒரு ஒப்பந்தம் போடுவோம். நீங்கள் தினம் ஒரே ஒரு எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். மீதி எண்களுக்கு நடந்துகொள்ளுங்கள். நானும் கடையில் தினம் ஒரு வாக்கியம் சத்தமாகச் சொல்கிறேன். இன்று தொடங்கிவிட்டேன். இருந்த இடத்திலிருந்தே, "அக்கா, கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு" என்றேன். முன்பக்கம் தையல் மெஷின் நின்றது. பிறகு அக்கா கேட்டார், "உள்ள யாரு?"

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. காற்று வருகிறது என்பதை மட்டும் சொன்னேன்.

உங்கள் மகள்


ஜூலை 6

அன்புச் சுண்டெலிக்கு,

ஒப்பந்தப்படி நடந்தேன். முதல் வாரம் என் சத்தம் மூன்றாவது வரிசை வரை போனது. ஒரு நாள் வருகிறபடி வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு "முப்பத்தொண்ணு" என்று கத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் விழித்துக்கொண்டன. பாதிக் கூடம் எழுந்து நின்றது. டாக்டரே வெளியே வந்து பார்த்தார். அன்று மறுபடி ஒன்றுமே வரவில்லை.

மாதம் முடிந்த அன்று சிஸ்டர் அறைக்கு வரச் சொன்னார். துணிகளைப் பையில் மடித்து வைத்துவிட்டுத்தான் போனேன். மேஜைமேல் என் விண்ணப்பம் இருந்தது. அவர் ஒரு வரியைப் படித்தார்: "ஒரு முறை பார்த்ததை மறக்கமாட்டார். பேச்சு குறைவு."

"அண்ணே, இதை யாரு எழுதினது?"

"என் பொண்ணு. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன் சிஸ்டர்."

"நாங்களும் படிக்காமலேதான் உங்களைக் கீழே நிறுத்திட்டோம்" என்றார். "மேல ரெண்டாவது மாடியில காது டாக்டர். அங்க கூப்பிடுற வேலைக்கு வந்த மூணாவது ஆளும் போன வாரம் ஓடிட்டான். எவ்வளவு கத்தினாலும் அங்க யாருக்கும் கேக்காது. தொண்டை கட்டினதுதான் மிச்சம். நீங்க போங்க, நடந்துக்கிட்டே இருங்க."

இன்றோடு ஐந்து நாளாக இரண்டாவது மாடியில் இருக்கிறேன். அறுபது பேர்தான் வருவார்கள். முகத்தையும் எண்ணையும் பார்த்து வைத்துக்கொண்டு, முறை வந்ததும் பக்கத்தில் போய் நின்று அவர்கள் டோக்கனில் உள்ள எண்ணை விரலால் தொட்டுக் காட்டுகிறேன். வரிசை ஓடுகிறது. நேற்று ஒரு பெரியவர், அவருக்குக் கேட்காது என்பதால் மாடி முழுவதும் கேட்க, "தம்பி, இங்க என்னைத் திட்டாம கூப்பிட்டது நீ ஒருத்தன்தான்" என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று.

கேமரா வந்தபோது என் கண்ணுக்கு இனி வேலையில்லை என்று நினைத்தேன். ஓடுகிற சீசாக்களில் ஒரு விரிசலைப் பிடித்த கண்ணுக்கு அறுபது முகம் ஒரு பாரமே இல்லை.

வேலை நிரந்தரம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். உன் அம்மாவிடம் இனி எல்லாவற்றையும் சொல்லலாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். வேலை கேட்டுப் போகிறவன் "பேச்சு குறைவு" என்பதை மறைக்கத்தானே பார்ப்பான்? நீ ஏன் எழுதினாய்? எழுதியதற்கு நன்றி. இதை நேரில் சொல்ல எனக்கு வராது என்பதால் இங்கே இரண்டாவது முறையும் எழுதுகிறேன். நன்றி.

அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதாள், சிரித்தாள், பிறகு "என்கிட்ட மறைச்சதுக்கு ரெண்டு பேருக்கும் இருக்கு" என்றாள். இப்போது உங்களுக்குப் புதுச் சட்டை தைக்கச் சொல்லி என் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள்.

ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள். அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் நாம் இருவருமே அப்படித்தானே, இருப்பதை இருக்கிறபடி எழுதினேன்.

நான் பள்ளியை விட்ட அன்று நீங்கள் சான்றிதழ் வாங்க வந்தீர்கள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். தலைமையாசிரியர் "என்ன சொன்னீங்க?" என்று உங்களிடம் மூன்று முறை கேட்டது காதில் விழுந்தது. என்னால் உங்களுக்குத் தலைகுனிவு, அதனால்தான் வாய் எழவில்லை என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. உங்களுக்கும் பயமாக இருந்திருக்கிறது. பயந்துகொண்டே எனக்காக உள்ளே போயிருக்கிறீர்கள். திரும்பும்போது வழி முழுக்க ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டீர்கள். நன்றி அப்பா. இதுவும் நேரில் வராது.

நீங்கள் காது டாக்டர் மாடிக்குப் போய், சத்தமாகக் கூப்பிடுவதிலிருந்து தப்பித்துவிட்டீர்கள். ஒப்பந்தம் என் தலையில் நிற்கிறது. கடையில் இப்போது நான் கூப்பிட்டால் அக்கா "யாரு" என்று கேட்பதில்லை.

சனிக்கிழமை காலையில், படிப்பை விட்டவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் நடத்துகிற இடத்தில் சேர்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பின்னால் ஒரு லாரி டிரைவர். ஆசிரியை நோட்டைத் திறந்து வருகை எடுத்தார். என் பெயரைப் படித்தார். கதவு சாத்திக்கொண்டது. அவர் குனியவில்லை, பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உங்கள் முப்பத்தொண்ணு ஞாபகம் வந்தது.

"உள்ளேன் அம்மா."

கொஞ்சம் அதிகமாகிவிட்டது. லாரி டிரைவர், "தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு தங்கச்சி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். நானே எடுக்கிறேன். "சாப்டியா" என்று கேளுங்கள், என்ன சாப்பிட்டேன் என்று சொல்கிறேன்.

சுண்டெலி