உம் கொட்டுற வைத்தியம்

அம்முலு அப்பாவுக்கு,

குழம்பு அடுப்பு மேல கீது, சுட வெச்சு சாப்பிடுங்க. நான் மானாம்பதிக்குக் கதை சொல்லப் போறேன். அரிசிப் பானைக்குப் பின்னால நீங்க ஒளிச்சு வெச்ச என் கைத்தடியையும் எடுத்துக்கினேன்.

நேத்து இன்னா சொன்னீங்க? "ஊர் ஊராப் போயிதான் இடுப்பு வலி. வாயை மூடிக்கினு வூட்டுல மூச்சுப் பயிற்சி பண்ணு"ன்னு. எட்டு வருஷ வலி என்னுது. மூலையில குந்திக்கினு மூச்சை எண்ணியும் பார்த்துட்டேன். நாலு எண்ணுறதுக்குள்ள வலிதான் ஞாபகம் வருது.

கதை கேக்குறவங்க உம் கொட்டுறாங்களே, அதை மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்ட செஞ்சு காட்டினேன். "இதுவும் பயிற்சிதாம்மா. உம்முன்னு நீட்டி மூச்சை வுட்டா நரம்பு கொஞ்சம் அடங்கும்"னு சொல்லிச்சு. வலி முழுசா போவாது, தெரியும். ஆனா நடவு நட்டு இடுப்பு ஒடிஞ்ச இருபது பொம்பளைங்க ஒண்ணா "உம்ம்ம்"னு இழுக்கிறப்போ நானும் கூட இழுக்கிறேன். உடம்பு இளகுது. அதை வுட்டுட்டு வூட்டுல கெடக்க மாட்டேன்.

அம்முலு அம்மா

உங்க முட்டிக்குத் தைலம் ஜன்னல்ல இருக்குது. சாயங்காலம் வந்து உங்களுக்கும் ஒரு கதை சொல்றேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் கதைக்கு நீங்க உம் கொட்டினதே இல்ல. இன்னிக்குக் கொட்டித்தான் ஆவணும்.